ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டு கார் சாவி திரும்பாதபோது: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

நிறுத்திவைத்த காரில் ஏறி அமர்ந்து சாவியைப் போட்டால் அது திரும்ப மறுப்பதும், ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தால் அதுவும் கல்லாக நிற்பதும், கார் ஓட்டும் பலருக்கும் ஒரு முறையாவது நேர்கிற சங்கடம். பெரும்பாலான நேரங்களில் இது பழுதே அல்ல. திருட்டைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தேய்ந்த சாவி, தூசி அடைத்த பூட்டு, இறங்கிப்போன பேட்டரி, கியர் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமை எனப் பல காரணங்கள் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வருகின்றன. ஆகவே கையில் பலத்தைக் கூட்டுவதற்கு முன், எது அசைகிறது, எது அசையவில்லை என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். வாகனம் பெரும்பாலும் பழுதாவது பூட்டினால் அல்ல, பூட்டை மீறச் செலுத்தும் பலத்தினால்தான்.

உள்ளே நடப்பது என்ன

சாவி போடும் உருளைக்குப் பின்னால், சுருள்வில்லால் தள்ளப்படும் எஃகுத் தாழ் ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டில் அந்தத் தாழ் விழுவதற்கான பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். சாவியை 'லாக்' நிலைக்குத் திருப்பி உருவியதும் தாழ் தண்டின்மேல் வந்து அமர்ந்துகொள்ளும். அதன்பின் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பினால் பள்ளம் நேருக்கு நேர் வரும்போது 'டக்' என்ற ஓசையுடன் உள்ளே விழும். மறுபடியும் சாவியைப் போட்டு 'லாக்'குக்கு அடுத்ததான 'ஏசிசி' நிலைக்குத் திருப்பும்போது, உருளையோடு சுழலும் ஒரு சிறு நெம்பு தாழைப் பின்னுக்கு இழுத்து ஸ்டீயரிங்கை விடுவிக்கிறது. கள்வர்களுக்கு எதிரான இந்த ஏற்பாடு புதியதல்ல. மேற்கு ஜெர்மனி 1961-ஆம் ஆண்டிலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

சிக்கல் எழுவது பள்ளத்தின் சுவர் தாழைப் பக்கவாட்டில் நெருக்கும்போதுதான். காரை நிறுத்தும்போது முன் சக்கரங்கள் திருகிய நிலையில் நின்றிருந்தால், டயரின் ரப்பரும் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பிலுள்ள ரப்பர் புஷ்களும் தம் பழைய நிலைக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அந்த முறுக்கு முழுவதும் தண்டின் வழியாக வந்து தாழின்மேல் சாய்கிறது. கதவு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கையில் இழுக்க வராத தாழ்ப்பாள், கதவைச் சற்று உள்ளே இழுத்துப் பிடித்ததும் சுலபமாக வருவதைப் போலத்தான் இதுவும். தாழ் பின்வாங்க முடியாதவரை சாவியும் திரும்பாது. அப்போது சாவியை முறுக்கினால் முறிவது சாவியாகத்தான் இருக்கும்.

அறிகுறி: ஸ்டீயரிங்கும் அசையவில்லை, சாவியும் திரும்பவில்லை

முதலில் சாவியைத் தொடாமல் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பூட்டிய ஸ்டீயரிங்கும் முற்றிலும் அசையாதது அல்ல. தாழுக்கும் பள்ளத்துக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டு. நெருக்கம் உள்ளபோது, ஒரு பக்கம் திருப்பினால் சுவரில் மோதியதுபோல் உடனே நின்றுவிடும். மறுபக்கம் திருப்பினால் கனமாக இருந்தாலும் விரல் அகலமாவது இழுபட்டு, கையை விட்டதும் திரும்பி வந்துவிடும். இழுபடும் அந்தப் பக்கம்தான் நமக்கு வேண்டியது. நேராக மோதி நிற்கும் பக்கத்தில் எவ்வளவு பலம் செலுத்தினாலும் தாழ் இன்னும் இறுகுமே தவிர விடுபடாது.

இப்போது ஒரு கையால் ஸ்டீயரிங்கை இழுபடும் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியை இலேசாகத் திருப்புங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்; பலரும் ஸ்டீயரிங்கை ஆட்டிவிட்டுக் கையை எடுத்தபின் சாவியைத் திருப்புவதால்தான் தோற்றுப்போகிறார்கள். ஸ்டீயரிங்கை முழு மூச்சாக இழுப்பதும் தவறு, ஏனெனில் ஒரு சுவரிலிருந்து விலகிய தாழ் எதிர்ச் சுவரில் போய் இறுகிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, தாழ் எதன்மேலும் சாயாத ஒரு சிறு இடம் இருக்கிறது. சாவியின்மேல் இலேசான திருகலை வைத்துக்கொண்டே ஸ்டீயரிங்கை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், அந்த இடம் வந்த கணத்தில் சாவி தானாகவே வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும். விரலால் பிடித்துத் திருப்பும் அளவுக்குமேல் சாவிக்குப் பலம் தேவைப்படுகிறது என்றால், ஸ்டீயரிங் இன்னும் சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். இடுக்கி கொண்டு சாவியைத் திருப்பும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஸ்டீயரிங்கை ஒரு கையால் அசைக்க இயலாதவர்கள், உடன் இருப்பவரிடம் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம்.

சக்கரம் நடைபாதை விளிம்பிலோ கல்லிலோ முட்டிக்கொண்டு நிற்கும்போது முறுக்கு அதிகமாக இருக்கும். இடம் சமதளமாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டு பேர் காரை ஒரு சாண் அளவுக்கு முட்டும் இடத்திலிருந்து விலக்கித் தள்ளினாலே போதும். உடனே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு மேற்சொன்ன முறையை மீண்டும் செய்யலாம். என்ஜின் ஓடாதபோது பிரேக் பெடலுக்குப் போதிய உதவி கிடைக்காது, ஸ்டீயரிங்கும் திரும்பாது என்பதால், சரிவான இடத்தில் இதை ஒருபோதும் முயலக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் சாலைகளில் நிறுத்தும்போது சக்கரத்தைச் சாலையோரத்துப் பக்கம் திருப்பி வைப்பது நல்ல பழக்கம், அதைக் கைவிட வேண்டியதில்லை. அப்படி நிறுத்தியபின், சாவியை உருவுவதற்கு முன், ஸ்டீயரிங்கின் மேல் உள்ள அழுத்தத்தைத் தளர்த்தி அது தானாக நிற்கும் இடத்தில் நிற்க விட்டால், திரும்பி வரும்போது இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடும். இறங்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்களும், சாவி இல்லாத காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பி விளையாடும் குழந்தைகளும் இந்தப் பூட்டு விழுவதற்கு முக்கியக் காரணர்கள்.

அறிகுறி: ஸ்டீயரிங் தளர்வாக இருக்கிறது, சாவி மட்டும் திரும்பவில்லை

ஸ்டீயரிங் பூட்டாமல் சுதந்திரமாகத் திரும்புகிறது, அல்லது பூட்டியிருந்தாலும் இரு பக்கமும் ஒரே அளவு அசைந்து எந்த நெருக்கமும் தெரியவில்லை, ஆனாலும் சாவி நகரவில்லை என்றால், கோளாறு சாவியிலோ உருளையிலோ இருக்கிறது. வீட்டில் ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்கள் இருந்தால், கையில் இருப்பது இந்தக் காரின் சாவிதானா என்று முதலில் பார்த்துக்கொள்வது வெட்கப்படத்தக்க காரியம் அல்ல.

உருளைக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குக் கொண்டுவந்து, எல்லாமும் உருளையின் வட்டத்துக்குள் அடங்கினால்தான் உருளை சுழலும். பல ஆண்டுகள் ஒரே சாவியைப் பயன்படுத்தும்போது அதன் மேடுகள் தேய்ந்து, ஏதேனும் ஒரு தகடு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிடும். எனவே இந்த அறிகுறிக்கு முதல் மருந்து, வீட்டில் பத்திரமாக இருக்கும் இரண்டாவது சாவி. அது சட்டென்று திரும்பினால் உருளையில் குறை ஒன்றும் இல்லை. இரண்டாவது சாவி கையில் இல்லாதபோது, தேய்ந்த சாவியை முழுவதும் செலுத்தியபின் ஒரு மில்லிமீட்டர் அளவு பின்னுக்கு இழுத்து, மேலும் கீழுமாக மெல்ல அசைத்தபடி திருப்பினால் பல முறை வேலை செய்யும். அப்படித் திரும்பிவிட்டது என்று நிம்மதியடைந்து மறந்துவிடுவது ஆபத்து. அடுத்த முறை அது திரும்பாத இடம் நம் வீட்டு வாசலாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புதிய சாவி வெட்டும்போது, தேய்ந்த சாவியை மாதிரியாக வைத்து வெட்டச் சொல்லாதீர்கள். தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். கார் வாங்கியபோது சாவியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சிறு தகட்டில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு வெட்டும் சாவிதான் அசல் அளவில் இருக்கும். அந்தத் தகட்டைச் சாவி வளையத்திலேயே மாட்டித் திரிபவர்கள் அதைக் கழற்றி வீட்டில் வைப்பது நல்லது.

இரண்டாவது சாவியும் திரும்பவில்லை என்றால் தகடுகள் தூசியிலும் பிசுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பூட்டுக்கென விற்கப்படும் கிராஃபைட் தூளையோ, காய்ந்தபின் ஈரம் தங்காத உலர் ஸ்பிரேயையோ சிறிதளவு உள்ளே செலுத்தி, சாவியைப் பலமுறை போட்டு எடுத்துப் பாருங்கள். தையல் எந்திர எண்ணெய், தேங்காய் எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றை ஊற்றினால் அன்றைக்குச் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். சில மாதங்களில் தூசியோடு கலந்து பசையாகி, முன்னைவிட மோசமாகிவிடும். சாவியின் தலையில் ஸ்பேனரால் தட்டித் தகடுகளை உலுக்கும் வழக்கம் பழைய கார்களில் பலித்தது உண்மைதான். இன்றைய சாவிகளின் தலைக்குள் இம்மொபைலைசர் சில்லு (சாவியைக் காருக்கு அடையாளம் காட்டி என்ஜினை ஓடவிடும் சில்லு) இருப்பதால், அதைச் சிதைத்துக்கொண்டு பெரிய செலவை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: சாவி முழுவதும் உள்ளே போகவில்லை

துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்: நாணயம், காகிதத் துணுக்கு, அல்லது முன்பு முறிந்த சாவியின் நுனி. முறிந்த துண்டு உள்ளே இருக்கும்போது இன்னொரு சாவியைச் செலுத்தினால் அது இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். சாவியின் முறிந்த பாதியில் பசை தடவி உள்ளே இருக்கும் துண்டோடு ஒட்டி இழுக்கும் வித்தையைச் செய்து, உருளை முழுவதையும் பசையால் நிரப்பியபின் பணிமனைக்கு வருபவர்கள் உண்டு. சாவி செய்பவர்களிடம் இதற்கென மெல்லிய கொக்கி இருக்கிறது; அவர்களுக்குச் சில நிமிட வேலை.

அறிகுறி: சாவி திரும்பியது, ஸ்டீயரிங்கும் விடுபட்டது, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

இனிப் பூட்டை மறந்துவிடலாம். 'ஆன்' நிலையில் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, அல்லது ஸ்டார்ட் செய்ய முயலும்போது விளக்குகள் மங்கி 'டிக் டிக்' என்ற ஓசை மட்டும் வருகிறது என்றால், பேட்டரியைப் பாருங்கள். நல்ல நிலையில் முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். டெர்மினலில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில சமயம் போதும்.

விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், கிளட்ச்சை முழுவதும் மிதித்தீர்களா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் கிளட்ச் அடிவரை போகாமல் செல்ஃப் வேலை செய்யாது. செல்ஃப் சுற்றியும் என்ஜின் பற்றவில்லை, அல்லது பற்றிய நொடியிலேயே நின்றுவிடுகிறது, கூடவே சாவி படம் போட்ட விளக்கு மினுக்குகிறது என்றால், இம்மொபைலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. உலோகப் பகுதியை மட்டும் வெட்டிக்கொடுத்த டூப்ளிகேட் சாவியில் இதுதான் நடக்கும்: பூட்டைத் திறக்கும், கதவைத் திறக்கும், என்ஜினை மட்டும் ஓடவிடாது.

அறிகுறி: புஷ் ஸ்டார்ட் காரில் ஸ்டீயரிங் விடுபடவில்லை

சாவித் துவாரமே இல்லாத கார்களில் தாழை இழுப்பது ஒரு சிறு மின்மோட்டார். எல்லாப் புஷ் ஸ்டார்ட் கார்களிலும் ஸ்டீயரிங் பூட்டு இருப்பதில்லை என்றாலும், இருக்கும் கார்களில் பக்கவாட்டு நெருக்கம் என்ற பழைய சிக்கல் இங்கும் உண்டு. சாவியைத் திருப்பும் விரலுக்குப் பதிலாக மோட்டார் திணறுகிறது, அவ்வளவுதான். டொயோட்டாவின் பல மாடல்களில், ஸ்டீயரிங் பூட்டு விடுபடாதபோது ஸ்டார்ட் பட்டனில் உள்ள பச்சை விளக்கு மினுக்கும். பட்டனை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைப்பதுதான் தீர்வு. ஹூண்டாய் உள்ளிட்ட வேறு நிறுவனங்களின் கையேடுகளும் இதையே சொல்கின்றன.

பட்டனைப் படபடவென்று பலமுறை அழுத்துவது இங்கே எதிர்விளைவைத் தரும். குறுகிய நேரத்தில் திரும்பத் திரும்ப இயக்கினால், மோட்டார் சூடேறாமல் இருக்க அதன் இயக்கம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும். டொயோட்டாவின் கையேடு சுமார் 10 நொடிகள் காத்திருந்தால் மீண்டும் இயங்கும் என்கிறது. ஆகவே அழுத்துங்கள், அசையுங்கள், விடுபடவில்லையா, நிதானமாகச் சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயலுங்கள்.

ரிமோட் சாவியைக் கார் உணரவில்லை என்ற செய்தி வந்தால், அதன் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். பல கார்களில், சாவியையே ஸ்டார்ட் பட்டனின் மேல் ஒட்டிப் பிடித்தோ, சாவியாலேயே பட்டனை அழுத்தியோ ஸ்டார்ட் செய்ய முடியும். செல் தீர்ந்துபோன சாவியையும் மிக அருகில் இருந்தால் கார் அடையாளம் கண்டுகொள்ளும். கதவைத் திறக்க வேண்டிய உலோகச் சாவி பெரும்பாலும் அந்த ரிமோட்டுக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும்.

காரின் பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால், இந்த வகைப் பூட்டு விடுபடாது. சாவி போட்டுத் திருப்பும் கார்களில் பேட்டரி செத்துப்போனாலும் ஸ்டீயரிங் திறந்துவிடும் என்பதால், அவற்றை ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு உறைப்பதில்லை. வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் கொடுத்தபின்தான் ஸ்டீயரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மின்சாரம் சரியாக இருந்தும், பட்டனை அழுத்தும்போது ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் 'கிர்' என்ற சிறு ஓசை வரவே இல்லை என்றால், மோட்டாரே போயிருக்கலாம். மெர்சிடிஸ் நிறுவனத்தின் டபிள்யூ204 வகை சி-கிளாஸ் கார்களில் இந்த மோட்டார் கெட்டுப்போவது உலகெங்கும் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான கோளாறு. இதை வீட்டில் செய்து பார்க்க வழியில்லை.

அறிகுறி: சாவி வெளியே வரவில்லை

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்களில், கியர் லீவர் 'பி' நிலைக்கு முழுமையாகப் போகாதவரை சாவியை 'லாக்' நிலைக்குத் திருப்ப முடியாது. லீவரை ஒரு முறை வெளியே எடுத்து மீண்டும் அழுத்தமாக 'பி'-யில் வையுங்கள். ஏஎம்டி கார் (மேனுவல் கியர்பெட்டியின் கிளட்ச்சையும் கியரையும் தானாக இயக்கும் வகை) வைத்திருப்பவர்கள் இல்லாத 'பி'-யைத் தேட வேண்டாம். மாருதியின் ஏஜிஎஸ் போன்ற பெட்டிகளில் அந்த நிலையே கிடையாது. மேனுவல் கியர் உள்ள சில கார்களில், 'ஏசிசி' நிலையில் சாவியை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் 'லாக்' நிலைக்கு வரும். புதிதாக வேறொருவரின் காரை ஓட்டுபவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அறிகுறி: ஓடும்போது ஸ்டீயரிங் திடீரென்று இறுகிவிடுகிறது

இது பெரும்பாலும் பூட்டு விழுந்ததால் நேர்வதல்ல. என்ஜின் நின்று பவர் ஸ்டீயரிங்கின் உதவி அற்றுப்போனதாலோ, அந்த உதவி அமைப்பே பழுதானதாலோ ஸ்டீயரிங் கனத்திருக்கும். இரு கைகளாலும் அழுத்தித் திருப்பினால் திரும்பும். பதற்றத்தில் சாவியை உருவிவிடக் கூடாது. அப்படி உருவினால்தான் உண்மையான பூட்டு விழும். பிரேக்கை ஒரே சீராக மிதித்து ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

கார் ஓடும்போதே சாவி 'ஆன்' நிலையிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்தது ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் செவர்லே கோபால்ட் உள்ளிட்ட கார்களைத் திரும்ப அழைத்தபோதுதான். ஸ்விட்ச் சாவியைப் போதிய இறுக்கத்துடன் பிடித்து வைக்காததால், குலுக்கலிலோ சாவிக்கொத்தின் கனத்திலோ அது நழுவி, என்ஜினும் பவர் ஸ்டீயரிங்கும் ஏர்பேக்கும் ஒருசேரச் செயலற்றுப்போயின. 124 மரணங்களுக்கு அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி எல்லாவற்றையும் கார் சாவியோடு கோத்துத் தொங்கவிடும் வழக்கம் எந்தக் காருக்கும் நல்லதல்ல. உருளையின் தகடுகளையும் அது வேகமாகத் தேய்க்கிறது.

கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டிய நிலை

இரண்டு சாவிகளையும் முயன்று, ஸ்டீயரிங்கின் நெருக்கத்தையும் தளர்த்தி, உலர் ஸ்பிரேயும் போட்டபின் உருளை அசையவில்லை என்றால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். பூட்டுத் தொகுதியை ஸ்டீயரிங் தண்டோடு பிணைப்பவை, இறுக்கும்போதே தலை முறிந்துவிடும்படி செய்யப்பட்ட போல்ட்டுகள். ஸ்பேனர் பிடிக்க இடம் இருக்காது. அருகிலேயே ஏர்பேக்கின் மஞ்சள் நிற ஒயர்கள் ஓடுகின்றன என்பதால், தண்டின் உறையைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. பூட்டை உடைத்துத் திறந்து, இரண்டு ஒயர்களை இணைத்துத் தற்காலிகமாக ஸ்டார்ட் செய்து தருகிறேன் என்று யாரேனும் முன்வந்தால், ஓடும்போது பாதி உடைந்த தாழ் எங்கே போய் விழும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டீயரிங் பூட்டிய காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. நான்கு சக்கரங்களும் மேலே ஏறும் தட்டை வண்டியை அனுப்பும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உருளையை மட்டும் மாற்றினால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும். பழைய சாவிக்கே பொருந்தும்படி புதிய உருளையின் தகடுகளை அடுக்கித் தர முடியுமா, இல்லையெனில் எல்லாக் கதவுகளுக்கும் சேர்ந்த பூட்டுத் தொகுப்பாக வாங்க வேண்டுமா என்பதை வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சாவிகளையும், பூட்டு மாற்றிய ரசீதையும் தூக்கி எறிய வேண்டாம். கார் திருடுபோனால், காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை முடிவு செய்வதற்கு முன் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்.